பொதுவண்டியும் பொதுவழியும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்குப் பேருந்தை விட்டு இறங்கிய பின் எஞ்சி நிற்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரமே பெருந்தொல்லை. நடந்தால் நேரம் போகிறது. ஆட்டோவில் ஏறினால் பணம் போகிறது.

இவ்விடைத்தூரத்திற்கு மைசூர் நகரம் ஒரு வழி கண்டது. 2017 ஜூனில் 'ட்ரின் ட்ரின்' என்னும் பொது மிதிவண்டித் திட்டம் அங்கே தொடங்கப்பெற்றது. 450 மிதிவண்டிகள், அவற்றை நிறுத்த ஏறத்தாழ 50 நிலையங்கள். ஒரு நிலையத்தில் எடுத்த வண்டியை மற்றொன்றில் விட்டுச் செல்ல இடமிருந்தது. அண்மையிலுள்ள பெங்களூரிலோ, யூலு போன்ற நிறுவனங்கள் கைபேசியால் பூட்டுத் திறக்கும் மின்வண்டிகளைத் தெருவில் இறக்கின.

இத்தகைய வண்டிகளின் குறைகளை ஆராயும் பணி வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர் குழுக்களுக்குத் தரப்படுவதுண்டு. அவர்கள் முதலிற் செய்யவேண்டுவது புதுவண்டி வரைவதன்று. சிக்கல் இன்னதென வரையறுப்பதே. 1958-இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை இதற்கு நல்ல வழிகாட்டி. நம் வீட்டுச் செம்பை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அது எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், தலையிலோ இடுப்பிலோ சுமக்கும்போது எவ்வாறு நிலைகொள்ளும், எப்படித் துலக்குவது, என்ன விலை எனக் கேள்விகளை அடுக்கினர். அவ்வறிக்கையை அடியொற்றியே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

அம்முறையில் வாடகை ஸ்கூட்டரை நோக்குவோம். "வண்டி கிடைக்கவில்லை" என்பது முறையீடு, அதுவே சிக்கலன்று. காலையில் குடியிருப்புகளிலிருந்த வண்டிகளெல்லாம் அலுவலகப் பகுதியிற் சென்று குவிந்துவிட்டால், அங்கே நிறுத்த இடமிராது. இங்கே எடுக்க வண்டியிராது. இந்நிலையில் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. குவிந்தவற்றை மீட்டுக் கொணரவும் வழி காணவேண்டும்.

"பேட்டரி தீர்ந்துவிட்டது" என்றால், அதை மாற்றுபவர் யார்? எந்நேரத்தில், எத்தனை சுமந்து மாற்றுகிறார்? 2018-இல் அமெரிக்க நகரங்களில் சிலர் இரவில் தெருத்தெருவாகத் திரிந்து ஸ்கூட்டர்களைத் திரட்டி, தம் வீட்டில் மின்னேற்றி, விடியுமுன் திரும்ப வைத்துக் கூலி பெற்றனர். பகலில் ஏறிச் சென்றவர்கள் அவர்களைக் கண்டதில்லை. காணாத உழைப்பாளியின் இடர்ப்பாடும் மாணவரின் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும்.

அடுத்து, வண்டியில் ஏறாதவர்கள். பாரிஸ் நகரில் 2021-இல் மின் ஸ்கூட்டர் மோதி ஒரு பெண் பாதசாரி உயிரிழந்தார். நடைபாதைகளில் கண்டபடி விடப்பட்ட வண்டிகளைப் பற்றியும் மனக்குறை வளர்ந்தது. 2023 ஏப்ரலில் நகரமக்களிடம் வாக்குக் கேட்டபோது, வாக்களித்தவருள் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாமென்றனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் அவை நிறுத்தப்பட்டன. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப்பேர்கூட இல்லை. மிகப்பலர் வாய்திறவாமலே ஒரு முடிவு நிகழ்ந்துவிட்டது.

நம் நாட்டில் 250 வாட் ஆற்றலுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திற்கும் உட்பட்ட மின்வண்டிகளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டுவதில்லை. யாரும் எளிதில் ஏறலாம் என்பது வசதி. சாலைவிதி அறியாதாரும் ஏறலாம் என்பது கவலை. ஒரே விதி, இரு சிக்கல்களைப் பிறப்பிக்கிறது.

நேயர்களே, இவ்வாராய்ச்சியில் நமக்கும் பங்குண்டு. கைபேசியில் வரும் கன்னட, ஆங்கில எழுத்துகளைப் படிக்கவியலாத தமிழ்க் கட்டடத் தொழிலாளிக்குக் கையருகே நிற்கும் வண்டியும் எட்டாக்கனியே. நடைபாதையிற் பூ விற்கும் அம்மையாருக்கு, கூடை வைக்கும் இடத்தில் வண்டி வந்து நின்றால் அன்றைய வரும்படியே குறையும். இவர்களைக் கேளாமல் எழுதப்படும் வரையறை அரைகுறையானதே.

ஆகவே, குறிப்பேடும் கையுமாக மாணவர்கள் வந்து வினவினால், "நாங்கள் வெளியூர்க்காரர், எங்களுக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்கு, என்ன நேர்ந்தது என்பதை உள்ளவாறு கூறுங்கள். நாள்தோறும் நாம் நடக்கும் தெருவைப் பற்றிச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.