கூரை முதலில், அடுக்களை பிறகு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வீட்டுக் கடன்களை அடைப்பது பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நான் நிதி ஆலோசகர் இல்லை. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஊர்ப் பணத்துக்கெல்லாம் பைசா பிசகாமல் கணக்கு எழுதிவிட்டு, சொந்த வீட்டில் கோட்டை விட்டவன். அந்த அனுபவத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் வீட்டு ஜன்னல் வரை வந்தது. உங்களில் பலர் அந்த இரவை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பிப் போனபோது ஃபிரிட்ஜ் சமையலறையில் மல்லாந்து கிடந்தது. அது தவணையில் வாங்கியது. இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருந்தது. ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட்ட பிறகும் எட்டு மாதம் அதற்குப் பணம் கட்டினேன். புது ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துக் கட்டினேன்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2017-இல் இங்கே வீடு வாங்கினோம், தரைத்தளம் வேண்டாம் என்ற ஒரே பிடிவாதத்தோடு. வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகைக் கடன், இரண்டும் என் மனைவிக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். கையில் காசு இல்லை என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் தேய்த்தேன். வீட்டிலும் சொல்லவில்லை.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி. கேட்க ஏதோ மூன்றரை ரூபாய் மாதிரி இருக்கும். 80,000-க்கு மாத வட்டி 2,800 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504 ரூபாய். நான் பெருமையாக மாதம் 4,000 கட்டிக்கொண்டிருந்தேன். அதில் 3,304 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போனது. அசலில் கழிந்தது 696 ரூபாய். இத்தனைக்கும் அதே நேரத்தில் தபால் நிலையத்தில் 7 சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்கு ஒரு தொடர் வைப்பு கட்டி வந்தேன்! ஆண்டுக்கு 42 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்துக்குச் சேமிக்கும் கணக்கர் நான்தான்.

இது எப்படி வெளியே வந்தது என்றால், மாடுலர் கிச்சனால். நம் வளாகத்தில் நாலைந்து வீடுகளில் போட்டிருந்தார்கள், எங்கள் வீட்டிலும் ஆசை. மதிப்பீடு 5 லட்சம் வந்தது. வங்கியில் வீட்டுக் கடன்மீது டாப்-அப் தருவதாகச் சொன்னார்கள். அதே மாதம்தான் சங்கத்தில் மொட்டை மாடிக் கசிவுக்கு வீட்டுக்கு 22,000 ரூபாய் சிறப்புப் பங்கு கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, "மாடி ஒழுகுவது மேல்தளத்துக்காரர் பிரச்சினை, இரண்டாம் மாடிக்கு என்ன வந்தது" என்று பேசியது நான்தான். நினைவிருக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அன்று இரவு மனைவி ஒரு நோட்டை எடுத்து வைத்து, "என்னங்க, நமக்கு மொத்தம் எவ்வளவு கடன், எழுதுங்க" என்றாள். இரண்டு வரி எழுதி நிறுத்தினேன். அவள் பேனாவை வாங்கவில்லை, காத்திருந்தாள். மூன்றாவது வரியை எழுதினேன். அரை மணி நேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னது ஒன்றுதான்: "அக்காகிட்ட சொல்லியிருந்தா அவங்களே வேணாம்னு சொல்லியிருப்பாங்க."

அந்த நோட்டில் நான்கு கட்டம் போட்டோம். யாருக்குக் கடன், எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எப்போது முடியும். நான்காவது கட்டத்தைத்தான் பலரும் எழுதுவதில்லை. கிச்சனுக்கு 5 லட்சம் டாப்-அப் 9 சதவீதத்தில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,070 ரூபாய்தான். மொத்த வட்டியோ 4 லட்சத்துக்கும் மேல். அதே வட்டியில் மூன்றே ஆண்டில் கட்டினால் மாதம் 15,900, மொத்த வட்டி சுமார் 72,000. பலகை பத்து வருடத்தில் உப்பிப்போகும், தவணை பதினைந்து வருடம் ஓடும். முடிச்சூர் ஃபிரிட்ஜ் கதைதான் மறுபடியும். மாதம் 15,900 எங்களால் முடியுமா என்று கேட்டோம். முடியாது. அப்படியானால் கிச்சன் இப்போது இல்லை.

கூரை அப்படி அல்ல. மாடியில் இறங்கும் தண்ணீர் தளத்துக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். இன்று 22,000-த்தில் முடிவது நாலு மழைக்காலம் கழித்து அந்தத் தொகையில் முடியாது. விற்கப் போனால் கட்டடம் முழுவதற்கும்தான் விலை குறையும், இரண்டாம் மாடிக்கு மட்டும் தனி விலை கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. பங்கை இரண்டு தவணையாகக் கட்ட சங்கம் ஒப்புக்கொண்டது. உங்களுக்கும் முடியவில்லை என்றால் பொருளாளரிடம் நேரில் சொல்லுங்கள். கூட்டத்தில் சண்டை போடுவதைவிட அது சுலபம்.

பிறகு தொடர் வைப்பை முன்கூட்டியே முடித்துக் கார்டுக் கடனை ஒரே நாளில் அடைத்தோம். வட்டி கொஞ்சம் குறைத்துத்தான் தந்தார்கள். பரவாயில்லை, 42-க்கு முன் அது எம்மாத்திரம். ஆனால் கையிருப்பு முழுவதையும் கடனில் போடவில்லை. இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தோம். சேர்ந்ததையெல்லாம் வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, திடீரென ஆஸ்பத்திரி செலவு வந்ததும் மறுபடி கார்டைத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது நகை. பல நகைக் கடன்களில் மாதாமாதம் கட்டச் சொல்ல மாட்டார்கள், அதனால் கடன் இருப்பதே மறந்துபோகும். மாதம் கொஞ்சமாவது கட்டுங்கள்.

இப்போது வீட்டுக் கடன். இதில்தான் நம் வளாகத்தில் நிறையப் பேர் தெரியாமல் பணம் விடுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அப்போது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. நிம்மதியாக இருந்தோம். மாறியது காலம், சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நீண்டது. 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ 5.5-ஆகக் குறைந்தது. அந்தக் குறைவு உங்கள் கடனுக்கு வந்ததா?

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், அது ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்கும், குறைவு தானாக வரும். அதற்கு முன் வாங்கிய கடன்கள், என்னுடையது போல, எம்.சி.எல்.ஆர். முறையிலேயே கிடக்கலாம். அதில் குறைவு மெதுவாக, அரைகுறையாக வரும். கிளைக்குப் போய் ரெப்போ முறைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் கட்டாயம் இல்லை. அங்கே வாங்கியவர்கள் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

குறைந்தால் என்ன செய்வது? 25 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மீதி என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீதத்தில் தவணை 25,357. வட்டி 8 ஆனால் 23,891 ஆகும், மாதம் சுமார் 1,466 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ளாமல் பழைய தவணையையே தொடர்ந்தால் கடன் சுமார் ஒன்றரை ஆண்டு முன்னதாக முடியும், வட்டியில் 2 லட்சத்துக்கு மேல் மிச்சம். கார்டு, நகை பாக்கி இருப்பவர்கள் தவணையைக் குறைத்துக்கொண்டு அந்த 1,466-ஐ அங்கே போடுவதுதான் சரி. இல்லாதவர்கள் காலத்தைக் குறையுங்கள். தவணையா காலமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. எத்தனை தவணை மீதி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. போனஸ் வந்தால் பயப்படாமல் கட்டலாம்.

கடன் முடிந்தவர்களுக்கு ஒன்று. 30 நாளில் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. கடன் வாங்கும்போது சார்பதிவகத்தில் எம்.ஓ.டி. பதிந்திருந்தால், அதற்கு ரசீது ஆவணமும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். விற்கும்போதுதான் தெரிய வரும், அப்போது ஓட வேண்டியிருக்கும்.

எங்கள் நோட்டில் இப்போது ஒரு வரிதான் மிச்சம், வீட்டுக் கடன். நகை போன தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வந்தது. அக்காவிடம் போன மாதம் கார்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டினாள். அடுக்களை பழையதுதான், கதவு ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். உங்கள் கடன் அறிக்கையைக் கொண்டு வாருங்கள். தொகையைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். எந்த வட்டி முறை, எத்தனை தவணை மீதி, இந்த இரண்டு வரியை மட்டும் பார்ப்போம். கணவன், மனைவி இரண்டு பேருமாக வந்தால் நல்லது.