நாடகப் பேராசான் சங்கரதாஸ் சுவாமிகள்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத் தமிழைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆயினும், அந்நாடகத்தை ஆடிப் பிழைத்தவர்களை நம் சமுதாயம் நெடுங்காலம் பெருமையாக நடத்தியதில்லை. கூத்தாடி என்னும் சொல் ஏறக்குறைய ஒரு வசைச் சொல்லாகவே வழங்கிற்று. அத்தகைய காலத்தில், தமிழ் நன்கு கற்ற இளைஞர் ஒருவர், கையிலிருந்த கணக்கு வேலையைத் துறந்து நாடக மேடை ஏறினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அதற்கே அளித்தார். அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் வளர்ந்து முதிர்ந்தது. சில காலம் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக இருந்தார். 24ஆம் வயதில் நாடகத் துறையில் புகுந்தார். அஃது 1891ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அது வேறு தொழில்களில் இருந்த கற்றவர்கள், நாடகத்தைக் கலையின்பத்துக்காக நடத்திய சபை. சுவாமிகளோ, நாடகத்தையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களோடு தாமும் ஒருவராகக் கலந்தார்.

தொடக்கத்தில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்குப் புகழ் தந்தன. ஒருநாள் அவருடைய எமன் வேடத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்தது என்றும், அதனால் மனம் நொந்து அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்றும் அவரது வரலாறு கூறுகிறது. தம் திறமை பிறருக்குத் தீங்காகலாம் என்று உணர்ந்த கணத்தில், கைதட்டலைத் துறந்து திரைக்குப் பின்னே சென்றார், நடிகர் ஆசிரியரானார்.

மாணவர்களே, அந்நாளில் நாடக ஆசிரியர் என்றால் நாடகத்தை எழுதுபவர் மட்டும் அல்லர். கதையை அமைத்து, பாட்டுக்கு மெட்டுக் கட்டி, உரையாடலை நெட்டுருச் செய்வித்து, நிற்கவும் நடக்கவும் கற்பித்து, அரங்கேற்றும் பொறுப்பு முழுவதும் அவருடையதே. இன்று இயக்குநர் என்று நாம் சொல்பவரும் அவரே.

அவர் ஏற்றுக்கொண்ட மேடையின் நிலை என்ன? நடிகர்கள் வேண்டிய இடத்தில் வேண்டியதைப் பேசினர். மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்க முயன்றனர். கதை எங்கோ போயிற்று. சுவாமிகள் இதற்குக் கண்ட மருந்து ஒன்றுதான்: தெளிவாக எழுதப்பட்ட நல்ல தமிழ். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், இலவகுசா எனப் பல நாடகங்களை வசனமும் பாடலும் விருத்தமுமாக வரையறுத்துத் தந்தார். நீதி நூல்களில் உறைந்து கிடந்த கருத்துகள், எழுத்தறியாத உழவனும் கேட்டு மகிழும் உரையாடலாக அவர் நாடகங்களில் ஒலித்தன. தாள நுட்பத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சியைக் கண்ட புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை, அவரைத் தம் மகனாகவே பாவித்தார்.

எழுதித் தந்தால் போதுமா? வளர்ந்த நடிகர்களின் பழக்கம் எளிதில் மாறுவதன்று. எனவே சுவாமிகள் சிறுவர்களிடம் சென்றார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை ஏற்படுத்தினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தம் புதல்வர்களை அங்கே கொண்டு வந்து சேர்த்தார். அவர்களுள் ஒருவனாகிய சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அச்சிறுவனின் திறமையைக் கண்ட ஆசிரியர், அவனுக்கென்றே அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பின்னாளில் ஔவை சண்முகம் என்று தமிழகம் போற்றிய அம்மாணவர், இதனைத் தம் நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். வகுப்பில் உள்ள ஒரு சிறுவனின் குரலையும் உயரத்தையும் மனத்தில் கொண்டு, ஓர் இரவு முழுவதும் உறங்காமல் பாடம் எழுதும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள்!

இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பாலர் சபைச் சிறுவர்கள் வீட்டையும் பள்ளியையும் விட்டு வந்தவர்கள். இரவெல்லாம் ஆட்டம், பகலில் பயிற்சி, கடுமையான கட்டுப்பாடு என்பதே அவர்கள் வாழ்க்கை. குழந்தைகளின் உரிமையை அறிந்த இக்காலத்தில் அம்முறையை நாம் ஏற்க முடியாது. ஆயினும், ஆதரவற்ற பலருக்கு அச்சபைகளே சோறிட்ட வீடாகவும் எழுத்தறிவித்த பள்ளியாகவும் இருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றது. எத்தனையோ பேருடைய நாவில் சொல்லை ஏற்றியவருக்குத் தம் நாவில் ஒரு சொல்லும் எழவில்லை. அந்நிலையிலும் அவர் சபையோடே இருந்தார். தாம் கற்பித்த பாடங்களைச் சிறுவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்கு எஞ்சிய தொழில். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார். மணம் புரியாத துறவி. ஆனால் அவரை ஆசான் என்று கூறியவர்கள் தமிழ் நாடெங்கும் இருந்தனர்.

அவர் விட்டுச் சென்றது யாது? சண்முகமும் உடன்பிறந்தோரும் 1925இல் தமக்கெனச் சபை கண்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் என்னும் பெயரால் நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தனர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூத்தாடி என்று இகழப்பட்டவரின் பெயர், அவர் மறைந்த ஊரிலேயே கல்விக் கூடத்தின் பெயராயிற்று.

இவற்றினும் வியப்பான சான்று ஒன்று உண்டு. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளில் கோயில் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடைபெறுகிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார். முருகன் வேறோர் ஊரிலிருந்து வருவார். நாரதர் மற்றோர் ஊரினர். முன் ஒத்திகை இல்லை, இயக்குநரும் இல்லை. அன்றிரவுதான் மேடையில் சந்திக்கின்றனர். ஆயினும் நாடகம் விடியும்வரை தடையின்றி நடக்கிறது. எப்படி? அனைவரும் கற்றது சுவாமிகள் வகுத்துத் தந்த பாடத்தையே அல்லவா?

அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடக்கும்போது, சற்று நேரம் நின்று கேளுங்கள். மேடையில் இயக்குநர் இல்லை என்று அறிவோம். ஆனால், பேசாமல் போன ஓர் ஆசிரியரின் குரல் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது.