எழுபத்தைந்து ரூபாய்



உழைப்பவர் நோயில் படுத்தால் குடும்பமே கடனில் விழும். அதைத் தடுக்க 1948-இல் சட்டம் வந்தது. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. தொடங்கியது.

2019 ஜூலை முதல், 10,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 75 ரூபாய். முதலாளி கட்டுவது 325 ரூபாய். பலர் சிறிது சிறிதாகக் கட்டுகிறார்கள். ஒருவரின் பெரிய செலவை அது தாங்குகிறது. குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு.

ஆனால் பொதுவாக, 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் இது கட்டாயம். டீக்கடையில் கிளாஸ் கழுவுபவர்? வீட்டு வேலை செய்யும் பெண்? களை எடுக்கும் கூலியாள்? நோய் ஆள் பார்த்தா வருகிறது?

அவர்களையும் சேர்க்க வேண்டும். நிலையான முதலாளி இல்லாதவருக்கு அந்தப் பங்கை அரசு கட்ட வேண்டும்.

சம்பளச் சீட்டு வாங்குபவர்களே, அதைப் படியுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள்!