நண்பருக்காக மருந்து தேடியபோது
(ஜும்ஆ உரை)

 

புகழனைத்தும் ஏக இறைவனுக்கே உரியன. சலாத்தும் சலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் நிலவட்டுமாக!

நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். பழம் வாங்கிச் செல்கின்றோம், தலைமாட்டில் அமர்ந்து துஆச் செய்கின்றோம், திரும்பி வருகின்றோம். ஆனால், இனிக் கொடுப்பதற்கு எங்களிடம் மருந்தில்லை என்று மருத்துவர் கைவிரித்த பிறகு அதே தலைமாட்டில் அமர நேர்ந்தால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றியே பேச விரும்புகின்றேன். ஏட்டிலிருந்து அல்ல, எனக்கு நேர்ந்ததிலிருந்து, நான் செய்த பிழையையும் சேர்த்தே கூறுகின்றேன்.

என்னோடு மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பீடி, சிகரெட்டைத் தொட்டறியாதவர். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. திசுவைச் சோதித்ததில் ஈஜிஎஃப்ஆர் என்னும் மரபணு மாற்றம் தெரிந்ததால் முதலில் மாத்திரை கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பதினான்கு மாதங்கள் கடைக்குப் போய் வந்தார். பிறகு மாத்திரை பலனளிக்கவில்லை. கீமோ சிகிச்சையும் சில மாதங்களே தாங்கியது. நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. அவருடைய மகன் வளைகுடாவிலிருந்து இரவெல்லாம் இணையத்தைத் துழாவி, புதிய மருந்துகளைப் பற்றிய செய்திகளை எனக்கு அனுப்புவார். ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் தேடும் பொறுப்பு என்மீது விழுந்தது.

இந்நிலையிலும் தேடுவது தவக்குலுக்கு முரண் அல்லவா என்று சில பெரியவர்கள் கேட்டனர். கிராமத்து அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறே அண்ணலார் ஏவினார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்து வைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. வைக்கப்பட்டிருக்கும் ஒன்றைத் தேடாமல் எப்படிக் கண்டெடுப்பது?

எப்படித் தேடுவது என்பதிலும் நமக்கு முன்னோர் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டார். இரு சாராரையும் ஒப்பிட்டால்தானே அந்தச் சிகிச்சையால் பயன் உண்டா என்பது விளங்கும்! இன்று கிளினிக்கல் டிரையல் என்று கூறப்படும் மருத்துவ ஆய்வின் உயிர்நாடி அதுவே.

அன்பர்களே! இந்த ஆய்வுகள் கட்டம் கட்டமாக நடைபெறுகின்றன. முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்க்கின்றார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகின்றதா என்று கவனிக்கின்றார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி, நடைமுறையிலுள்ள சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுகின்றார்கள். புற்றுநோயாளிக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் மக்களிடம் உண்டு. பலனுள்ள சிகிச்சை இருக்கும்போது அதை மறுத்து அவ்வாறு செய்வது முறையன்று. பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோ, அதனுடன் புதியதுமோ கொடுக்கப்படுகின்றது.

சில நேரங்களில் அற்புதம்போல் பலன் கிட்டியதுண்டு. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை 1998இல் முதல் கட்ட ஆய்வுக்கு வந்தது. 2001இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை ஒருசில ஆண்டுகளில் மடிந்துகொண்டிருந்தவர்கள் மாத்திரையோடு நெடுங்காலம் வாழலாயினர். எதிர்மறையானதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையை மாற்றும் முறையை 1990களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்கள் முண்டியடித்துப் பெற்றனர். முறையான ஆய்வின் முடிவுகள் 1999இல் வந்தபோது, பழைய சிகிச்சையைவிட அது ஆயுளை நீட்டவில்லை என்பது தெரிந்தது. பலன் உண்டென்று காட்டிய தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று, பொய்க் கணக்கு என்பது 2000இல் வெளிப்பட்டது. புதியது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது. (நண்பரின் உறவினர் ஒருவர் வாதுமை இனத்துக் கசப்புப் பருப்பைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டு வந்தார். அதன் சாரத்தை 178 நோயாளிகளிடம் சோதித்து, பலனில்லை என்று 1982லேயே அமெரிக்காவில் வெளியிட்டுவிட்டார்கள். சிலரது இரத்தத்தில் சயனைடு நச்சு ஏறியதுதான் மிச்சம்.)

நம் நாட்டில் நடைபெறும் ஆய்வுகளுக்கான பதிவேடு சிடிஆர்ஐ என்ற பெயரில் 2007இல் தொடங்கப்பட்டது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். நோயின் பெயர், ஊர், மருத்துவமனை, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்பவை அதில் உள்ளன; எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நான் பார்த்தேன். பொருந்துவதுபோல் மூன்று தென்பட்டன. ஒன்றில் ஆள் சேர்ப்பு முடிந்திருந்தது. மற்றொன்று இதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களுக்கு மட்டும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லா மருந்தும் தீர்ந்த பிறகு தேடத் தொடங்குகின்றோம், அதற்குள் பல கதவுகள் அடைபட்டுவிடுகின்றன. நோய் கண்டவுடனேயே, இதற்கு ஆய்வு ஏதும் நடக்கின்றதா என்று மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. திசு எடுத்துச் செய்த சோதனையின் அறிக்கை, மெழுகில் பதித்த திசுக்கட்டி, ஸ்கேன் குறுந்தகடு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் திசுக்கட்டியை மருத்துவமனையிலிருந்து வாங்கவே எங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின.

இதற்கிடையில் வேறோர் ஊரிலிருந்த சிகிச்சை நிலையம் ஒன்று, நோயாளியின் இரத்த அணுக்களிலிருந்தே தடுப்பூசி தயாரித்துப் போடுவதாகக் கூறி நான்கு இலட்சம் ரூபாய் கேட்டது. மகன் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார். எந்த ஆய்வு, பதிவு எண் என்ன என்று கேட்டேன். பதிலில்லை. ஆய்வுக்குரிய மருந்தை நோயாளியின் தலையில் விலையாகக் கட்டுவது ஆய்வன்று, வியாபாரம்! 2019ஆம் ஆண்டின் விதிகளோ, ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடாதீர்கள்.

மூன்றாவது ஆய்வு சென்னையில் நடந்தது, முதல் கட்டம். அங்கேதான் என் பிழை வெளிப்பட்டது.

சகோதரர்களே! நோய் முதுகெலும்புக்குப் பரவியதை நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. தண்டுவடத் தேய்மானம் என்று கூறி வைத்திருந்தோம். மனைவி கெஞ்சினார், பிள்ளைகள் அழுதனர், நானும் உடன்பட்டேன். நான்கு மாதங்கள் அவர் அருகிலமர்ந்து பொய் பேசினேன். அதைக் கருணை என்று எண்ணியிருந்தேன். ஆய்வு மருத்துவரோ, நோயாளிக்குத் தமிழில் எல்லாவற்றையும் விளக்கி, அவரே புரிந்து கையொப்பமிட்டால்தான் சேர்க்க முடியும் என்றார். குடும்பத்தார் கையொப்பமிட்டால் போதாதா என்று கேட்டது, வெட்கத்தோடு கூறுகின்றேன், நான்தான். அவருடைய உடல், அவரிடம் இறைவன் ஒப்படைத்த அமானிதம். அவர் கொடுக்க வேண்டிய கடன் உண்டு. எழுத வேண்டிய வஸிய்யத் உண்டு. கேட்க வேண்டிய மன்னிப்பு உண்டு. இவற்றுக்கான அவகாசத்தை அவரிடமிருந்து பறிக்க எனக்கு என்ன உரிமை?

அன்று அஸருக்குப் பின் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான்கு மாதமாக நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அப்போதே எனக்குத் தெரியும். நீங்களெல்லாம் வேதனைப்படுவீர்களே என்றுதான் நானும் கேட்கவில்லை" என்றார்.

மருத்துவரிடம் அவரே பேசினார். இதனால் எனக்குக் குணமாகுமா என்று கேட்டார். ஆக வாய்ப்புக் குறைவு, அளவைக் கண்டறியவே இந்தக் கட்டம், எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்று அவரும் மறைக்காமல் கூறினார். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, இஸ்திகாரா தொழுது, கையொப்பமிட்டார். வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர், குணமடைய துஆவா, பொறுமையா என்று நபி (ஸல்) அவர்கள் முன்வைத்தபோது பொறுமையைத் தேர்ந்துகொண்ட வரலாற்றை அறிவோம். நண்பர் மறுத்திருந்தாலும் நான் அதையே நினைத்து வாய்மூடியிருப்பேன். தேடுவது மட்டுமே நம் வேலை, தேர்வது அவருடையது.

இரண்டு சுற்று மருந்து ஏறிய பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. விதிப்படி ஆய்விலிருந்து விலக்கினார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தனர். அது போதைப்பொருள் அல்லவா, கூடுமா என்று வீட்டார் தயங்கினர். மருத்துவர் அளந்து கொடுக்கும் வலி நிவாரணி அது, தயங்காமல் கொடுங்கள் என்றேன். வலி அடங்கியதால் கடைசி ஐந்து வாரங்களும் அமர்ந்தே தொழ முடிந்தது. இரண்டு பழைய கடன்களைத் தீர்த்தார். பதினேழு ஆண்டுகள் பேசாதிருந்த தம்பியை அழைத்து வரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். கடைக் கணக்கை மகளிடம் ஒப்படைத்தார். சென்ற ஷஃபானில் வஃபாத்தானார்.

அவருடைய மஃபிரத்துக்காகவும், இந்த முஹல்லாவில் இன்று படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் ஷிஃபாவுக்காகவும் துஆச் செய்வோமாக. ஆமீன்.