பியாஸ் ஆற்றின் இடத்தில் நெடுஞ்சாலை



இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் சாலையே வேண்டாம் என்று சொல்லும் உழைப்பாளி எவரும் இல்லை. ஆப்பிள் அறுவடைக் காலத்தில் சாலை ஒரு நாள் அடைபட்டால், விவசாயியின் பழம் சந்தைக்குப் போகும் முன்பே விலை இழக்கிறது. பேருந்தில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் கூலி நெரிசலில் கரைகிறது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் சுற்றுலா வாகனங்கள் பெருகி, நிலைமை மேலும் கடுமையானது. ஆகவே கிரத்பூர் – மணாலி நெடுஞ்சாலையை மேம்படுத்தும் தேவை உண்மையானது. எவ்வளவு அகலம், யாருடைய நிலம், யாருடைய செலவு என்பவையே இங்குள்ள கேள்விகள்.

ஆறு கேட்ட இடம்

மணாலியிலிருந்து குலு வரை சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் பியாஸ் ஆறு ஏறத்தாழ 800 மீட்டர் கீழிறங்குகிறது. ஒருபுறம் செங்குத்து மலை, மறுபுறம் விரைந்தோடும் ஆறு. இந்த இடுக்கில் சாலையை அகலப்படுத்த இரண்டே வழிகள் உண்டு: மலையை வெட்டுவது அல்லது ஆற்றுக்குள் தடுப்புச்சுவர் எழுப்புவது. படிப்படியாக வெட்ட வேண்டிய சரிவைச் செங்குத்தாக வெட்டினால், பிடிமானம் இழந்த மண் மழையில் சரிகிறது. வெட்டிய மண்ணும் பாறையும் கரையில் கொட்டப்பட்டால் ஆற்றின் பாதை குறுகுகிறது. அதே அளவு நீர் குறுகிய பாதையில் பாயும்போது வேகம் கூடி, சுவரின் அடித்தளத்தையே அரிக்கிறது. அடித்தளம் போன பின் சாலை நிற்காது.

2023 ஜூலை 9, 10 தேதிகளில் பெய்த பெருமழையில் குலு – மணாலி சாலை பல இடங்களில் ஆற்றோடு போயிற்று. அந்தப் பருவமழைக் காலத்தில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீரமைக்கப்பட்ட சாலையை 2025 ஆகஸ்டில் ஆறு மீண்டும் உடைத்தது. மழையின் கடுமைக்குக் காலநிலை மாற்றம் ஒரு காரணம். அந்த மழையைத் தாங்காத கட்டுமானத்துக்குத் திட்டமிட்டவர்களே பொறுப்பு.

சட்டத்தின் ஓட்டை

2013இல் ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியது. தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டு, கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றாயிற்று. உத்தராகண்டில் சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள சார்தாம் சாலைத் திட்டம் 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, முழுமையான தாக்க மதிப்பீடு இன்றியே நடந்தது. மலையும் ஆறும் துண்டுகளாக இல்லை, காகிதத்தில்தான் துண்டுகள்.

நிலம் இழந்தோரின் கணக்கும் உண்டு. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்து வழங்க வேண்டும். காரணி 2 எனில் நான்கு மடங்கு கிடைக்கும். இமாசல அரசு அதை 1 என நிர்ணயித்ததால் விவசாயிக்கு இரண்டு மடங்கே கிடைத்தது. சிறு துண்டு நிலத்தில் வாழும் மலை விவசாயிக்கு இது பிழைப்பையே பறிக்கும் வேறுபாடு. காரணியை 2 ஆக்கு என்ற அவர்களின் போராட்டம் முற்றிலும் நியாயமானது. அவர்கள் நிலத்தில் போடப்பட்ட சாலைக்குச் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. இடிந்தால் மீண்டும் கட்டப் பொதுப்பணம் செலவாகிறது.

மாற்று என்ன?

2023 வெள்ளத்தில் வலதுகரை நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டபோது, நக்கர் வழியாகச் செல்லும் இடதுகரைச் சாலையே சிறு வாகனங்களுக்குக் கைகொடுத்தது. ஒரே சாலையை ஆற்றுக்குள் தள்ளி அகலப்படுத்துவதைவிட, இரு கரைகளிலும் உள்ள சாலைகளை உறுதிப்படுத்துவது அறிவுடைமை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளைப் பெருக்கினால், அதே அகலத்தில் பல மடங்கு மக்கள் பயணம் செய்யலாம். சுற்றுலாக் கார்களின் எண்ணிக்கையைக் கொண்டு சாலையின் அகலத்தைத் தீர்மானிப்பது மக்கள் நலத் திட்டமாகாது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: முழுத் திட்டத்துக்கும் ஒரே சுற்றுச்சூழல் மதிப்பீடு, சரிவைப் பற்றிய சுயேச்சையான புவியியல் ஆய்வு, ஆற்றுப்படுகையில் மண் கொட்டத் தடை, கிராம சபைகளின் கருத்துக்கு மதிப்பு, நிலம் இழந்தோருக்கு நான்கு மடங்கு இழப்பீடு, கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பு. ஆற்றுக்கு உரிய இடத்தை விட்டுக் கட்டப்படும் சாலையே மக்களுக்கு நிலைக்கும். அதற்காக விவசாயிகளையும் தொழிலாளர்களையும் ஒரே அணியில் திரட்டுவதே இடதுசாரிகளின் முன்னுள்ள கடமை.