வெள்ளைச் சாலைகள்



மிதிவண்டிப் பந்தயம் என்றதும் வழவழப்பான தார்ச்சாலையே நம் மனக்கண் முன் தோன்றும். வேகமே குறி என்றால் வழியில் கல்லும் குழியும் இருத்தலாகாது. ஆனால், கல்லையும் புழுதியையும் வேண்டுமென்றே நாடிச் செல்லும் ஒரு பந்தயத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இத்தாலி நாட்டின் டஸ்கனி மாநிலத்தில் சியேனா என்னும் பழைய நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் திராட்சைத் தோட்டங்களையும் ஒலிவ மரத் தோப்புகளையும் பண்ணை வீடுகளையும் இணைத்தபடி சரளைச் சாலைகள் வளைந்து செல்கின்றன. அவற்றின் நிறம் வெண்மை. ஆதலால் அவற்றை 'ஸ்திராதே பியாங்கே', அதாவது 'வெள்ளைச் சாலைகள்' என்று அழைக்கின்றனர். பந்தயத்தின் பெயரும் அதுவே.

இச்சாலைகள் தாரின் அடியில் மறைந்துபோகும் என்று அஞ்சியவர்களுள் ஒருவர் ஜான்கார்லோ புரோச்சி. அவர் 1997-ஆம் ஆண்டில் கயோலே என்னும் சிற்றூரில் 'லெரோய்கா' என்ற மிதிவண்டி உலாவைத் தொடங்கினார். பழங்காலத்து வண்டிகளில் பழைய சாலைகளில் செல்வதே அதன் நோக்கம். முதல் உலாவுக்கு வந்தவர்கள் 92 பேரே. அதிலிருந்து கிளைத்ததுதான் 2007 அக்டோபரில் தொடங்கிய இப்பந்தயம். 2008 முதல் இது மார்ச் மாதத்துக்கு மாறியது. 2015 முதல் மகளிர் பந்தயமும் நடைபெறுகிறது.

இதை அறிந்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நல்ல சாலை வருவதைத் தடுப்பது முன்னேற்றத்தைத் தடுப்பதாகாதா? விளைபொருளை ஏற்றிச் செல்லும் உழவருக்குப் புழுதியால் என்ன பெருமை? அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பந்தயத்தின் பாதையை நோக்கினால் விடையும் புலப்படும். 2024-இல் ஆடவர் ஓடிய தூரம் 215 கிலோமீட்டர். அதில் சரளை 70 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. எஞ்சியதெல்லாம் செப்பனிட்ட சாலையே. ஆக, எல்லாச் சாலைகளும் கரடாகவே இருக்கட்டும் என்று அவர்கள் கூறவில்லை. எல்லாச் சாலைகளும் ஒன்றுபோல் ஆகிவிட வேண்டா என்பதே அவர்கள் கருத்து.

கரட்டுச் சாலை வீரனிடம் வேறொரு திறமையைக் கேட்கிறது. காற்றை மிகுதியாக அடைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். சற்று அகன்ற டயரில் காற்றைக் குறைத்தால் அது கல்லின்மேல் படிந்து செல்லும். இறக்கத்தில் முன்சக்கரத் தடையைச் சட்டென்று அழுத்தினால் வண்டி சறுக்கும். சாலை குறுகலானதால் ஒருவர் விழுந்தால் பின்வருவோர் அனைவரும் நிற்க நேரும். ஆகவே சரளை தொடங்குமுன் முன்வரிசைக்கு வந்துவிட எல்லாரும் முயல்வர். இறுதியில் சியேனா நகரின் குறுகிய வீதியில், 16 விழுக்காடு வரை செங்குத்தான ஏற்றம் காத்திருக்கிறது. அதைக் கடந்தால்தான் காம்போ சதுக்கம். அங்கேதான் பந்தய முடிவு.

2018-ஆம் ஆண்டில் மழை பெய்து வெள்ளைச் சாலை முழுவதும் சேறாயிற்று. பெல்ஜிய நாட்டு வவுட் வான் ஆர்ட் என்ற இளைஞர் அந்தக் கடைசி ஏற்றத்தில் தசைப்பிடிப்பால் வண்டியோடு சாய்ந்தார். முடிவிடம் சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. அவர் எழுந்தார்; மீண்டும் வண்டியேறி மூன்றாம் இடத்தைப் பெற்றார். 2020-இல் பெருந்தொற்றினால் மார்ச் மாதப் பந்தயம் தள்ளிப்போய், ஆகஸ்டு முதல் நாளன்று கடும் வெயிலில் நடைபெற்றது. சேறு இருந்த இடத்தில் இப்போது புழுதி. அன்று விழுந்த அதே ஏற்றத்தில் ஏறி முதலாவதாக வந்தவர் வான் ஆர்ட்.

92 பேர் அன்று அச்சாலைகளைத் தேடிச் செல்லாதிருந்தால் இப்பந்தயம் பிறந்திராது. பயனற்றது என்று ஒன்றை ஒதுக்குமுன், அதன்மேல் ஒருமுறையேனும் சென்று பார்ப்பது நலம் என்பதே இதிலிருந்து நான் கற்றது. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.