கறி எடுக்காத நாளும் நல்ல சாப்பாடுதான்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



குழுக்களுக்குப் போகும்போது, "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்போம். "கறியா, மீனா? வெறும் கம்பங்கூழும் கீரையும்தான்" என்று கூச்சப்பட்டுச் சொல்வீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லை இன்றோடு விடுவோம்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து பல மடங்கு அதிகம். கேப்பையில் சுண்ணாம்புச்சத்து நிறைய. நம்ம ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கைக்குக் குறைவில்லை. ஆனால் காயை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, கீரையை ஆட்டுக்குப் போடுகிறோம்!

கம்பஞ்சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரை. கூடவே ஒரு நெல்லிக்காய். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் போகட்டும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தக் கூடாது.

எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியை வழிச்சுச் சாப்பிடுவதுதான் நம்ம பழக்கம். கீரை ஆக்கியவளுக்கே கீரை இருக்காது. அடுத்த குழுக் கூட்டம் வரை தினமும் ஒரு வேளையாவது நம்ம பங்கை முதலில் எடுத்து வைப்போம். செய்தோமா என்று கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம்.